தலையாட்டிவிட்டு வந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், எனக்கு வேலை கிடைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள்.

எங்கள் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். பிள்ளை பாஸ் பண்ணியது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பத்து வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தது... எதுவானாலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் பூசை தொடங்கும் முன்பு மைக்கில் வாசிப்பார்கள். "ஆரோக்கிய மேரிக்கு நல்ல வேலை கிடைக்கச் செய்த இறைவனுக்கு நன்றியாக..." என்று வாசித்ததும் முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் முழங்கையால் இடித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பது சிரித்தபோது எனக்குத் தெரியாது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. அப்புறம் எப்படி? அதைச் சொல்வதற்கு முன்னால், இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் காது கேட்காது.

கொஞ்சம் கூடவா? கொஞ்சம் கூட. ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சல் போனது, போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போனது. மிஷின் வைத்தால் எங்கோ ஏதோ சத்தம் வருகிறது என்று தெரியும். அது பஸ் ஹாரனா, பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுகிறாரா — தெரியாது.

"உங்க நம்பர் குடுங்க மேடம், ஒரு நாள் பேசணும்" என்று எழுதிய வாசகர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்கு சொன்னேன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் பற்றி ஒரு வாரம் முழுக்கப் புலம்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? "என் வீட்டிலும் அதே கதைதான்" என்று கடிதங்கள் குவிந்தன. அந்த மிக்ஸி என் கணவர் கேட்ட மிக்ஸி. நான் இதுவரை எந்த மிக்ஸியையும் கேட்டதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள். பாதி உதடு, மீதி ஊகம். பேசுவேன். ஏழு வயது வரை கேட்ட தமிழ் இன்னும் வாயில் இருக்கிறது. ஆனால் அது வெளியே எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் கணவரிடம் கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, "பல் டாக்டருகிட்ட மரத்துப்போற ஊசி போட்டுக்கினு வந்து பேசற மாதிரி" என்றார். மெதுவாகப் பேசினால் புரியுமாம். படபடப்பு வந்தால் அவருக்கே புரியாதாம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எட்டு வருஷம் டைப் அடித்தேன். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம். எழுதிக் கொடுப்பார்கள், அடித்துக் கொடுப்பேன். அந்த வேலைக்குக் காது எதற்கு? ஓனர் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். அன்றிலிருந்து இண்டர்வியூ, இண்டர்வியூ, இண்டர்வியூ.

சின்னசேலத்தில் ஒரு அரிசி மண்டி. தியாகதுருகத்தில் ஒரு ஸ்கூல். இங்கேயே ஒரு ஸ்கேன் சென்டர். எல்லா இடத்திலும் என்னைப் பாராட்டினார்கள். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று யாராவது சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், வேலை இல்லை என்று அர்த்தம். கெட்டிக்காரப் பெண் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது காது கேட்கிற பெண்.

ஸ்கேன் சென்டரில் நடந்ததுதான் ரொம்ப வலித்தது. துணைக்குக் கணவரையும் கூட்டிப் போயிருந்தேன். இண்டர்வியூ செய்தவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கணவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவங்க இன்னா படிச்சிருக்காங்க? இவங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமா? தனியா வந்து போய்க்குவாங்களா?" எல்லாம் அவரிடம். கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்து, குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி டாட்டா காட்டினார். எனக்கு முப்பத்தாறு வயது. பி.காம். பாஸ் பண்ணியிருக்கிறேன்.

அன்று முடிவு பண்ணினேன், இனிமேல் தனியாகத்தான் போவது என்று.

இந்த வேலை வெள்ளிமலைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். கல்வராயன் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். ஆபீசில் பதிவேடு, அட்மிஷன், சாமான் கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று விளம்பரம். விண்ணப்பத்தில் மாற்றுத்திறன் என்ற கட்டத்தில் ஒளிக்காமல் டிக் அடித்து, அடையாள அட்டை நகலும் வைத்து அனுப்பினேன். கூப்பிட்டுவிட்டார்கள்! தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே எனக்கு நாலு நாள் தூக்கம் வரவில்லை.

போன வியாழக்கிழமை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மலை ஏற ஏற எல்லாரும் காது அடைத்துக்கொண்டு எச்சில் விழுங்கினார்கள். எனக்கும் அடைத்தது, ஆனால் கேட்காமல் போய்விடுமே என்ற கவலை இல்லை. இருக்கிற சலுகையை அனுபவிக்க வேண்டியதுதானே?

வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது முதல் கண்டம். பெயரைக் கூப்பிட்டு, கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். சின்னசேலத்துப் பெண். பெயர் சுதா. என் முகத்துக்கு நேராகத் திரும்பி, "கவலப்படாதீங்கக்கா, கூப்ட்டா நான் தட்டறேன்" என்றாள். உதட்டைத் தெளிவாக அசைத்துப் பேசுகிற பெண். சொன்னபடியே தட்டினாள்.

உள்ளே மேனேஜர் ஒருவர், ஒரு டீச்சரம்மா. டீச்சரம்மா காகிதத்தில் கேள்வி எழுதி நீட்டினார். நான் பதில் எழுதினேன். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். மளமளவென்று போட்டேன். டீச்சரம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம். அப்போது யாரோ ஒரு பிள்ளை வந்து கூப்பிட, அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மேனேஜரும் நானும்.

மேனேஜருக்கு மீசை. மீசை என்றால் சும்மா மீசை இல்லை. மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டுக்கும் கொஞ்சம் நிழல் கொடுக்கிற மீசை. அவர் பேச ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மீசை ஏறி இறங்கியது மட்டும்தான். நடுவில் மேசையிலிருந்த ஃபோனைக் காட்டினார். ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார். ரொம்ப மரியாதையாக, ரொம்ப கனிவாகப் பேசினார். கடைசியில் புருவத்தை உயர்த்தி, ஒரு கேள்வி மாதிரி நிறுத்தினார்.

நான் சிரித்தபடி தலையாட்டினேன்.

இதை எப்படிப் புரிய வைப்பது? காது கேட்காதவர்கள் நிறையப் பேருக்கு இந்தத் தலையாட்டல் உண்டு. எனக்கு எட்டு வயதில் தொடங்கியது. "புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்பார், தலையாட்டுவேன். புரியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? முதல் தடவை திரும்பச் சொல்வார்கள். இரண்டாவது தடவை கத்திச் சொல்வார்கள் — கத்தினால் உதடு கோணும், இன்னும் புரியாது. மூன்றாவது தடவை கையை வீசி, "ஒன்னுமில்ல, வுடு" என்பார்கள். என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் படித்த உதடு இந்த "ஒன்னுமில்ல, வுடு"தான். அதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே சிரித்துத் தலையாட்டிவிடுவது. தெருவில் ஒரு அம்மா தன் மாமியார் செத்துப்போன கதையைச் சொல்லச் சொல்ல நான் சிரித்துச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன். அந்த அம்மா இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.

மேனேஜரும் சிரித்தார். எழுந்து நின்று கும்பிட்டார். எந்த இண்டர்வியூவிலும் யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்ததில் என்ன தப்பு?

"இன்னா ஆச்சி?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டார் கணவர். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். மனுஷன் அங்கேயே, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப வரச் சொன்னாங்க?"

"சொல்லி அனுப்புவாங்க" என்றேன். அதுவும் ஊகம்தான்.

வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் பால்கோவா. சனிக்கிழமை கோயிலில் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை நன்றி. திங்கட்கிழமை வரைக்கும் தகவல் எதுவும் வராததால், "நான் ஃபோன் போட்டுக் கேக்கறேன்" என்று உட்கார்ந்தார் கணவர். மலையில் டவர் கிடைப்பது அபூர்வம். நாலைந்து தடவை போட்டார். கடைசியில் லைன் கிடைத்தது.

நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க, அவுங்க வூட்டுக்காரர்தான் பேசறேன்..." முகம் நன்றாகத்தான் இருந்தது. "எப்ப வந்து ஜாயின்ட் பண்ணணும்னு கேக்கலாம்னு..." அப்புறம் ரொம்ப நேரம் உதடு அசையவில்லை. அப்புறம், "அவளேவா?" என்றார். ஃபோனை வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னார்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"ஃபோன் வேலதான் ஜாஸ்தியாம். மலையிலேர்ந்து புள்ளைங்களப் பெத்தவங்க பேசிக்கினே இருப்பாங்களாம். உனுக்குக் கஷ்டமா இருக்கும், வேற ஆளப் போட்டுக்கறோம், உனுக்கு சம்மதந்தானான்னு கேட்டாராம்."

"நான் இன்னா சொன்னேன்?"

"தலய ஆட்டினியாம். சிரிச்சிக்கினே ஆட்டினியாம்." அப்புறம், "ரொம்பப் பெரிய மனசுங்க உங்க சம்சாரத்துக்குன்னு சொல்றாரு" என்றார்.

அந்தப் பெரிய மனசுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"புரியலன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று கத்தினார். கத்தினார் என்று கழுத்து நரம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோபம் என் மேல் இல்லை. ஆனால் திட்டுவதற்கு அந்த அறையில் நான்தானே இருந்தேன்?

அன்று முழுக்கப் படுத்தே கிடந்தேன். எங்களிடம் ஒரு வசதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் உலகத்தில் யாரும் எங்களிடம் எதுவும் சொல்ல முடியாது. அவர் தோளைத் தட்டினார். சாப்பிட எழுப்பினார். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. மறுபடி ஒரு வராந்தா, மறுபடி யாரோ கூப்பிடும் என் பெயர், மறுபடி கெட்டிக்காரப் பெண்... என்னால் முடியாது. செத்துப் போகலாம் என்று நினைக்கவில்லை. ஆனால் நாளைக்கு என்று ஒன்று வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டுக்கும் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நான் கேட்டதெல்லாம் என்ன? ஒரு ஆபீஸ், ஒரு நாற்காலி, வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக ஒரு கையெழுத்து. அதையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. நானே சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இதில் யாரைத் திட்டுவது? சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ள கோயிலில் ஏதாவது வழி இருக்கிறதா? ஃபாதரிடம்தான் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, கணவரிடம் கூடச் சொல்லாமல் மறுபடி வெள்ளிமலை பஸ் ஏறினேன். எதற்கு? வேலைக்காக இல்லை, நியாயம் கேட்க என்று எழுதினால் இந்தப் பத்தி கம்பீரமாக இருக்கும். பொய் சொன்னது போதும். வேலைக்காகத்தான் போனேன். நேரில் போய் விஷயத்தைச் சொன்னால் மனம் மாறமாட்டார்களா என்ற ஒரு நப்பாசை.

ஆபீசுக்குள் நுழைந்தேன். நாற்காலியில் சுதா உட்கார்ந்திருந்தாள்.

என் தோளைத் தட்டி உள்ளே அனுப்பிய அதே சுதா. எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா... எனுக்குத் தெரியாதுக்கா. நீங்களே வேணான்னு சொல்ட்டீங்கன்னு சொன்னாங்கக்கா" என்றாள். அப்போதும் என் முகத்துக்கு நேராக, தெளிவாக. அந்தப் பெண்ணை எப்படி வெறுப்பது? அவள் மேசையில் ஃபோன் இருந்தது. டவர் இல்லை. நான் அங்கே நின்ற நேரம் முழுக்க அது அசையக்கூட இல்லை.

மேனேஜர் உள் அறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

பஸ்ஸில் வரும்போது இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. அழுதுகொண்டே பேசினேன், வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

"அன்னிக்கு நீங்க கேட்டது எனக்குப் புரியலைங்க சார். புரியாமத்தான் தலையாட்டினேன். நான் வேணாம்னு சொல்லல. எனக்கு இந்த வேல வேணும் சார். புரியலன்னு அப்பவே சொல்லியிருந்தா எனக்குக் குடுத்திருப்பீங்களா? சொல்லுங்க சார், குடுத்திருப்பீங்களா?"

மேனேஜர் என்னையே பார்த்தார். கனிவாகச் சிரித்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குடுத்திருப்பேன் என்கிறாரா? அப்படியானால் இன்னும் வழி இருக்கிறதா? அவர் மறுபடி தலையாட்டினார். அதே சிரிப்பு. கண் மட்டும் என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது, அடுத்து நான் சிரிப்பேனா அழுவேனா என்று.

அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பையும் தெரியும்.

நன்றாகத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று, அதே அழுகைக் குரலில், அதே வேகத்தில் கேட்டேன்: "உங்க மேச மேல எரும மாடு படுத்துக்கினு இருக்குதுங்களா சார்?"

தலையாட்டினார். ரொம்பப் பரிவோடு ஆட்டினார்.

சுதா பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நான் பேசியதில் ஒரு வார்த்தை கூட அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் நான் வருத்தப்படுவேனோ என்று அவருக்குத் தயக்கம். கெட்ட மனிதர் இல்லை. என்னைப் போலவேதான். இருபத்தெட்டு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது எதிரில் நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் வரும் வரைக்கும் ஒரு பலா மரத்தடியில் நின்று அழுதேன்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையாட்டினோம். அவர் வேலை அவரிடமே இருக்கிறது.